நார்ம் மெக்டொனால்ட்: இவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

மின்மினி:

கனடாவைச் சேர்ந்த ஸ்டாண்ட்-அப் நகைச்சுவைக் கலைஞர் நார்ம் மெக்டொனால்டின் ரசிகர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். அமெரிக்க டிவி தொகுப்பாளர்கள் டேவிட் லெட்டர்மேன், கோனன் ஓ'பிரையன், நடிகர் ஆடம் சாண்ட்லர் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கோ அவர் சொல்வது ஜோக்கா இல்லையா என்றே தெரிவதில்லை. நானும் அந்தப் பாதியில்தான் இருக்கிறேன்.

குறிப்பாக ஒன்றைக் கேட்கிறேன். 2008இல் காமெடி சென்ட்ரல் சேனலில் நகைச்சுவை நடிகர் பாப் சாகெட்டுக்கு நடந்த ரோஸ்ட், அதாவது ஒருவரை மேடையில் உட்கார வைத்துச் சக கலைஞர்கள் கேலி செய்யும் நிகழ்ச்சி. மேடையில் இருந்த அத்தனை பேரும் அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். நார்ம் வந்து, பழைய துணுக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்து வாசிப்பதுபோல் யாரையும் புண்படுத்தாத, மக்கிப்போன சிலேடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடுகிறார். அன்னம், ஆந்தை, கழுகு என்று ஒருவரைப் புகழ்ந்துகொண்டே போய், பறவையை வைத்தே ஒரு அரதப்பழைய கடியில் முடிக்கிறார். அரங்கில் பலர் முழிக்கிறார்கள். மேடையில் உட்கார்ந்திருக்கும் சக கலைஞர்கள்தான் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஜோக் யாருக்கு? பார்வையாளரை உட்கார வைத்துக்கொண்டு, அவர்கள் தலைக்கு மேலாக நண்பர்களைப் பார்த்துக் கண்ணடிப்பது நகைச்சுவைதானா? எனக்கு அது மரியாதைக் குறைவாகத்தான் படுகிறது.


பழைய வானொலி:

அந்த ரோஸ்ட்டின் பின்னணி தெரிந்தால் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். அதிர்ச்சி தரும்படி பேசுங்கள் என்று தயாரிப்பாளர்கள் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு ஆபாசம் பேசும் மேடையில் இன்னொரு ஆபாசம் யாரை அதிர வைக்கும்? அங்கே யாரும் எதிர்பார்க்காத ஒரே விஷயம் சுத்தமான, சாதுவான, பல்லிழந்த ஜோக். நார்ம் அதைச் செய்தார்.

இன்னொன்று, பாப் சாகெட் அவருடைய நண்பர். நார்ம் கதாநாயகனாக நடித்து 1998இல் வெளியான படத்தை இயக்கியவர் சாகெட்தான். நண்பனை ஊரறிய அசிங்கப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். கடைசியில் ஜோக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, சாகெட் மீது தனக்கு உள்ள அன்பை நேராகவே சொல்லி முடித்தார். ரோஸ்ட் மேடைகளில் அப்படி மனதாரப் பேசியவர்கள் மிகக் குறைவு. மரியாதைக் குறைவு என்று நீங்கள் சொல்லும் இடத்தில் எனக்கு மரியாதைதான் தெரிகிறது.


கடைசி பெஞ்ச்:

பழைய வானொலி ஐயா, பின்னணி தெரிந்தால் எதையும் மேதைமை என்று சொல்லிவிடலாம். முகம் தெரியாத ஒரு புது ஆள் அதே மேடையில் அதே ஜோக்குகளை அதே தொனியில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அடுத்த நாள் அவருக்கு வேலை இருந்திருக்காது. நார்ம் சொல்லும்போது மட்டும் அது கலையாகிவிடுகிறது. அப்போது நாம் ரசிப்பது ஜோக்கையா, அவருடைய பெயரையா?

மின்மினி கேட்டது நியாயமான கேள்வி. ‘உனக்குப் புரியவில்லை’ என்பதைத் தாண்டி அதற்கு ஒரு பதில் வேண்டும்.


எழுத்தாணி:

பின்னணியை விட்டுவிடுவோம். ஜோக்கின் கட்டமைப்பை மட்டும் வைத்துப் பேசிப் பார்க்கிறேன்.

சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் ‘வீக்கெண்ட் அப்டேட்’ என்ற பொய்ச் செய்தி வாசிப்புப் பகுதியை 1994 முதல் 1997 முடிய அவர் நடத்தினார். வழக்கமாகச் செய்தி ஜோக் எப்படி இருக்கும்? முதல் வரி உண்மைச் செய்தி. இரண்டாவது வரி நாம் நினைக்காத பக்கம் திரும்பும். எவ்வளவு தூரம் திரும்புகிறதோ அவ்வளவு சிரிப்பு. நார்ம் அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே போனார். நடிகை ஜூலியா ராபர்ட்ஸும் பாடகர் லைல் லவ்வெட்டும் பிரிந்தபோது அவர் சொன்னதன் சாரம் இது: கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஜூலியா ராபர்ட்ஸ் உணர்ந்த தருணம் எது? தான் ஜூலியா ராபர்ட்ஸ் என்பதும், தான் கட்டிக்கொண்டவர் லைல் லவ்வெட் என்பதும் அவருக்கு உறைத்த தருணம். அவ்வளவுதான். உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, உவமை கிடையாது. இரண்டு பெயர்களைத் திரும்பச் சொன்னார், மீதியை நாமே முடித்துக்கொண்டோம். முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றாகவே இருக்கும் ஜோக்தான் உச்சம் என்பது அவருடைய எண்ணம். அதற்கு மிகப் பக்கத்தில் போனது இது.

இதற்கு நேர் எதிர்க் கோடி, 2009இல் கோனன் நடத்திய டுநைட் ஷோ என்ற இரவு உரையாடல் நிகழ்ச்சியில் அவர் சொன்ன விட்டில்பூச்சிக் கதை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடக்கூடிய ஜோக். ஒரு விட்டில் கால் மருத்துவரிடம் போகிறது. தன் சோகத்தைச் சொல்கிறது. ‘நீ மனநல மருத்துவரிடம் அல்லவா போக வேண்டும், இங்கே ஏன் வந்தாய்’ என்கிறார் மருத்துவர். ‘உங்கள் அறையில் விளக்கு எரிந்தது’ என்கிறது விட்டில். அரை நிமிட வேலை. நார்ம் அதை நிமிடக்கணக்கில் இழுக்கிறார். விட்டிலுக்கு ஒரு முதலாளி, ரஷ்யப் பெயரோடு. எதற்காக உழைக்கிறோம் என்றே தெரியாத வேலை. பக்கத்தில் படுத்திருக்கும், அந்நியமாகிப்போன மனைவி. குளிருக்குப் பறிகொடுத்த மகள். மகன் முகத்தைப் பார்த்தால் தன் கோழைத்தனமே தெரிகிறது, அதனால் அவனிடமும் பாசம் வரவில்லை. கோனன் நடுவில் குறுக்கிட்டுப் பார்க்கிறார், நார்ம் அசையவில்லை.

இதில் கைவேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒவ்வொரு விவரமும் துக்கத்தை உண்மையாகவே கூட்டுகிறது என்பதுதான். கேலிக்காக அழுகிற குரல் அதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் விட்டிலுக்காக நாம் வருத்தப்படவே தொடங்கிவிடுகிறோம். அந்த நேரத்தில் மூன்றாந்தரமான அந்தக் கடைசி வரி வந்து விழுகிறது. கட்டிய கோட்டைக்கும் அதன் உச்சியில் வைத்த கூழாங்கல்லுக்கும் உள்ள பொருத்தமின்மைதான் சிரிப்பு. கடைசி வரி நன்றாக இருந்திருந்தால் இந்தக் கதை தோற்றிருக்கும்.

முகம் தெரியாத ஆள் சொன்னாலும் இது வேலை செய்யும், கடைசி பெஞ்ச். அந்தப் பொறுமை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.


இரவுப்பணி:

நான் ஒரு நடைமுறை விஷயம் சொல்லலாமா? யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நார்மைப் பிடிக்கவில்லை என்கிறவர்களில் பலர் அவரை எழுத்துவரியோடு (சப்டைட்டில்) பார்க்கிறவர்கள். நம்மில் பெரும்பாலானோர் ஆங்கில நிகழ்ச்சியை அப்படித்தான் பார்க்கிறோம். மற்றக் கலைஞர்களுக்கு அதில் பெரிய நட்டமில்லை. இவருக்கு உயிரே போய்விடும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, தலையைச் சாய்த்து, எங்கோ பார்த்து, ‘அப்புறம்...’ என்று இழுத்து, அதற்குப் பிறகுதான் அடுத்த சொல்லை விடுவார். எழுத்துவரியில் முழு வாக்கியமும் முன்பே வந்து நின்றுவிடும். அவர் சொல்வதற்கு முன்பே நாம் படித்து முடித்திருப்போம், மீதி நேரம் அவர் ஏன் இப்படி இழுக்கிறார் என்று எரிச்சல்தான் வரும்.

எழுத்துவரியை அணைத்துவிட்டுப் பாருங்கள். சில சொற்கள் பிடிபடாமல் போகும், பரவாயில்லை. விட்டில் கதையை முதலில் எழுத்துவரியோடும் பிறகு இல்லாமலும் பார்த்தேன். இரண்டாவது முறைதான் சிரிப்பு வந்தது, அதுவும் முடிவு தெரிந்த பிறகு.


மின்மினி:

இரவுப்பணி சொன்னது உபயோகமாக இருந்தது. அணைத்துவிட்டுப் பார்த்தேன். விட்டில் கதை முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது. எழுத்தாணி சொன்ன அந்தத் துக்கம் உண்மையாகவே ஏறுகிறது.

ஆனால் என் கேள்வி ரோஸ்ட்டைப் பற்றியது. விட்டில் கதையில் கடைசியிலாவது நமக்கு ஒன்றைத் தருகிறார், அங்கே அரங்கமே சிரிக்கிறது. ரோஸ்ட்டில் தருவதே இல்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு முடியவில்லை.


நீலவானம்:

நீங்கள் எல்லோரும் பாணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் எதைப் பற்றி ஜோக் சொன்னார் என்பதை யாரும் தொடவில்லை.

வீக்கெண்ட் அப்டேட்டில் அவர் திரும்பத் திரும்பக் கையில் எடுத்த பொருள்களில் ஒன்று சிறையில் நடக்கும் பாலியல் வன்முறை. யாராவது சிறைக்குப் போகிறார்கள் என்ற செய்தி வந்தால் போதும், அந்த ஜோக் வந்துவிடும். அதற்கும் இதே முகம்தான், இதே நிதானம்தான். கட்டமைப்பு என்று பார்த்தால் அதுவும் கச்சிதமாகத்தான் இருக்கும். எனக்கு அதில் கச்சிதம் தெரியவில்லை, அடிபட்டுக் கிடப்பவன் மீது மறுபடியும் மிதிப்பதுதான் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. 1997இல் கோனனின் நிகழ்ச்சிக்கு நடிகை கோர்ட்னி தார்ன்-ஸ்மித் தன் புதுப் படத்தைப் பற்றிப் பேச வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நார்ம் அவரைப் பேசவே விடவில்லை. அந்தப் படத்தையும், உடன் நடித்தவரையும், கடைசியில் படத்தின் தலைப்பையும் கேலி செய்து முழு நேரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யூடியூபில் அது பெரிய வெற்றிக் கிளிப். எல்லோரும் நார்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அந்த நடிகையைப் பார்த்தேன். தன் வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேச வந்தவர், சிரித்துச் சமாளிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

முகத்தில் எதையும் காட்டாமல் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. சொன்னதற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ‘அவர் அதை நம்பிச் சொல்லவில்லை, அந்தப் பாத்திரமாகச் சொன்னார்’ என்று ரசிகர்கள் வந்து காப்பாற்றிவிடுவார்கள். இந்தப் பாணியின் மேல் எனக்கு இருக்கும் சந்தேகம் இதுதான்.


பழைய வானொலி:

நீலவானம், சிறை ஜோக்குகளைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. அவை எனக்கும் பிடித்தவை அல்ல.

ஆனால் பொறுப்பிலிருந்து தப்பிப்பவர் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 ஜூனில் அவருடைய முன்னாள் மனைவி நிக்கோல் பிரௌன் சிம்ப்சனும் உணவக ஊழியரான ரான் கோல்ட்மேனும் கொலையானார்கள். வழக்கு நடந்த காலம் முழுக்க வாரா வாரம் ஓ.ஜே.தான் கொலையாளி என்ற தொனியில் நார்ம் ஜோக் சொன்னார். 1995 அக்டோபரில் விடுதலைத் தீர்ப்பு வந்ததும், கலிஃபோர்னியாவில் கொலை சட்டபூர்வமாகிவிட்டது, இப்போது அதிகாரபூர்வமாகவே என்று ஆரம்பித்தார். பிறகும் விடவில்லை. நிகழ்ச்சியை ஒளிபரப்பிய என்பிசியின் மேல்மட்டத்தில் இருந்த டான் ஓல்மையர், ஓ.ஜே.யின் நெருங்கிய நண்பர். 1998 தொடக்கத்தில் நார்மை அந்த நாற்காலியிலிருந்து இறக்கியவர் அவர்தான். பார்வையாளர் எண்ணிக்கை குறைகிறது, பகுதி சிரிப்பாக இல்லை என்பது அவர் சொன்ன காரணம். ஓ.ஜே.தான் காரணம் என்று நார்மே பின்னாளில் அடித்துச் சொல்லவில்லை, ஓல்மையருக்குத் தன் ஜோக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்கிற மாதிரியும் பேசியிருக்கிறார். எப்படியிருந்தாலும் நிறுத்து என்று மேலிருந்து சாடை காட்டியும் நிறுத்தாதவர். விலை கொடுத்தார்.

அடுத்து என்ன செய்தார்? அதே 1998இல் ஈஎஸ்பிஒய் விளையாட்டு விருது விழாவைத் தொகுத்து வழங்கினார். கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்ற சார்ல்ஸ் உட்சனைப் பார்த்து, இதை உங்களிடமிருந்து யாராலும் பறிக்க முடியாது என்று வாழ்த்திவிட்டு, நீங்கள் மனைவியையும் ஓர் உணவக ஊழியரையும் கொல்லாதவரை என்று சேர்த்துக்கொண்டார். ஓ.ஜே.யும் அதே கோப்பையை 1968இல் வென்றவர். அரங்கம் முழுக்க விளையாட்டு வீரர்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று சொல்கிறார். பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் செய்கிற வேலையா இது?


நீலவானம்:

ஓ.ஜே. ஜோக்குகள் எனக்கும் பிடிக்கும். பணமும் புகழும் உள்ள ஒருவரையும், அவருக்காக வளைந்துகொடுத்தவர்களையும் பார்த்துச் சொன்னவை. அதில் எனக்குச் சண்டையே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். ஓ.ஜே.யை நோக்கிச் சொல்லும்போது இந்தப் பாணி துணிச்சலாக இருக்கிறது. கைதியை நோக்கிச் சொல்லும்போது கொடூரமாக இருக்கிறது. முகமும் குரலும் இடைநிறுத்தமும் ஒன்றுதான். ஆக, பாணியை மட்டும் வைத்து மேதை என்று முடிவு கட்ட முடியாது. கத்தி கூர்மையாக இருக்கிறது என்று எழுத்தாணி காட்டினார். யாரை வெட்டுகிறது என்பது என் கேள்வி.

2018ஐயும் மறந்துவிடக் கூடாது. மீடூ இயக்கத்தைப் பற்றியும், சர்ச்சைகளில் வேலை இழந்த தன் நண்பர்களுக்குப் பரிந்தும் பேசப் போய், டுநைட் ஷோவில் அவர் வரவே வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அதற்கு விளக்கம் தரப்போன இடத்தில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களை வைத்து ஒரு உதாரணம் சொல்லி, அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. மன்னிப்புக் கேட்டார், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் மேடையில் அத்தனை நிதானமாகச் சொல்லைத் தேர்ந்தெடுப்பவருக்கு அங்கே ஏன் அந்த நிதானம் வரவில்லை?


கடைசி பெஞ்ச்:

நீலவானம் சொன்ன கடைசிப் பத்தி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நேர்காணலில் உளறியதை மேடைக் கணக்கில் எழுத வேண்டாம். மேடையில் சொன்னதற்கு மட்டும் மார்க் போடுவோம்.

அந்தக் கணக்கிலேயே எனக்குக் குறை இருக்கிறது. வீக்கெண்ட் அப்டேட்டில் ஜோக் எடுபடாவிட்டால் கேமராவையே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருப்பார். அடுத்ததற்குத் தாவ மாட்டார். ரசிகர்கள் அதை என்னவோ தைரியம் என்கிறார்கள். எடுபடாத ஜோக் எடுபடாத ஜோக்தான்.


எழுத்தாணி:

அந்த வெறித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்கு அவரிடம் மிகப் பிடித்ததே அதுதான்.

நகைச்சுவை மேடையில் எல்லோரும் பயப்படுவது அமைதிக்கு. ஜோக் விழுந்துவிட்டால் உடனே அதை மூடி மறைக்கத்தான் கை பரபரக்கும். தன்னையே கிண்டல் செய்வார்கள், பார்வையாளரிடம் கெஞ்சுவார்கள், அல்லது கேட்டதுமே எல்லோரும் கைதட்டிவிடும் ஒரு கருத்தைத் தூக்கிப் போடுவார்கள். கைதட்டுவது நாம் முடிவெடுத்துச் செய்வது. நமக்கு உடன்பாடான ஒன்றைச் சொன்னால் தட்டிவிடுவோம். சிரிப்பு அப்படியில்லை. அது நம்மை மீறி வர வேண்டும். நார்ம் கைதட்டலை ஒருபோதும் கேட்டு வாங்கவில்லை. சிரிப்பு வந்தால் வரட்டும், வராவிட்டால் அந்த அமைதியும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நின்றார். உடன் எழுதிய ஜிம் டௌனியும் அதே கட்சி. நார்மோடு சேர்த்து அவரையும் வெளியே அனுப்பினார்கள்.

இது பார்வையாளரை அவமதிப்பது என்று மின்மினி சொல்கிறார். கைதட்ட வைப்பதற்காக அவர்களுக்குப் பிடித்ததையே திருப்பிச் சொல்லி ஏமாற்றுவதுதான் அவமதிப்பு என்பது என் கட்சி. இவர் ஏமாற்றவில்லை. பிடித்தால் சிரி, இல்லாவிட்டால் சும்மா இரு என்று அவர்கள் போக்கில் விட்டார்.


திண்ணைப்பேச்சு:

நார்மைப் பற்றிப் பேசும்போது புற்றுநோய் ஜோக்கை விட்டுவிடக் கூடாது. 2011இல் வந்த நிகழ்ச்சியில் சொன்னது. யாராவது புற்றுநோயில் இறந்தால் ‘நோயுடனான போராட்டத்தில் தோற்றார்’ என்கிறார்களே, அது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம் என்கிறார். படுக்கையில் கிடந்து இறந்துபோன ஒரு மனிதனைக் கடைசியில் தோற்றவன் ஆக்கிவிடுகிறோம். நீங்கள் இறக்கும்போது உங்கள் உடம்பில் இருக்கும் புற்றுநோயும் கூடவே சாகிறது, ஆகவே அது தோல்வி இல்லை, டிரா என்கிறார்.

அவர் 2021 செப்டம்பரில் இறந்தபோதுதான் அவருக்கே கிட்டத்தட்ட 9 ஆண்டுகளாகப் புற்றுநோய் இருந்தது வெளியே தெரிந்தது. நெருங்கிய நண்பர்கள் பலருக்கே தெரியாது. ரசிகர்கள் உடனே அந்த ஜோக்கை எடுத்து, பாருங்கள், தன் நோயைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார் என்று பரப்பினார்கள். ஆண்டைக் கணக்குப் போட்டால் அது பொருந்தவில்லை. ஜோக் முதலில், நோய் பிறகு. நோயாளியின் வாக்குமூலமாக அதைக் கேட்காதீர்கள். ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒருவர் யோசித்துச் செதுக்கிய ஜோக் அது, அப்படிக் கேட்டாலே முழுமையாக இருக்கிறது.

என் வீட்டில் அந்த நோயைப் பார்த்தவன் நான். ‘போராடு, போராடு’ என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவது படுத்திருப்பவருக்கு எவ்வளவு பாரம் என்று பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அந்தப் பாரத்தை இறக்கி வைத்த ஒரே மேடைப்பேச்சு எனக்கு இதுதான். நீலவானம், இதே முகம், இதே குரல்தான் இதற்கும்.


நீலவானம்:

திண்ணைப்பேச்சு, அந்த ஜோக்கை நான் கேட்டிருக்கவில்லை. இப்போது பார்த்தேன். அருமை. நோயாளியின் பக்கம் நின்று சொல்கிறார், சுற்றி நிற்கிறவர்களின் பேச்சைத்தான் சாடுகிறார். நான் கேட்டுக்கொண்டிருப்பதும் இந்த மாதிரிதான். உங்கள் வீட்டில் பட்ட கஷ்டத்துக்கு என் வருத்தங்கள்.

சிறை ஜோக்குகளைப் பற்றிய என் எண்ணம் அப்படியேதான் இருக்கிறது.


கடைசி பெஞ்ச்:

நோயை மறைத்து வைத்திருந்தார் என்பதற்காக யாரும் அவருக்குக் கூடுதல் மார்க் போட வேண்டாம் என்பதில் திண்ணைப்பேச்சு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இறந்தபின் எல்லோருமே மேதைகள்தான். டிரா ஜோக் நன்றாக இருக்கிறது, அது அவர் உயிரோடு இருந்தபோதே நன்றாக இருந்தது.


பழைய வானொலி:

உணர்ச்சியே காட்டாதவர் என்ற பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2015 மே மாதம், லெட்டர்மேன் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள் முன்பு நார்ம் அந்த மேடையில் கடைசியாக ஸ்டாண்ட்-அப் செய்தார். ஜெர்மனி ஒரு நாட்டோடு இல்லை, உலகத்தோடேயே சண்டைக்குப் போனது என்று அவர் சொல்லும் பகுதி அதில்தான் வருகிறது. எல்லாம் முடிந்ததும், சிறுவனாக இருந்தபோது லெட்டர்மேனைப் பார்த்ததைச் சொல்லி, அன்று கேட்ட அவருடைய ஜோக் ஒன்றையும் சொல்லிக் காட்டினார். பிறகு பேச முடியவில்லை, குரல் உடைந்துவிட்டது. நேசிக்கிறேன் என்று சொல்லி முடித்தார். முகமூடிக்குப் பின்னால் எதுவும் இல்லை என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.


இரவுப்பணி:

பார்வையாளர் இல்லாமலே அவர் பதிவு செய்த நிகழ்ச்சியை யாராவது பார்த்தீர்களா? நெட்ஃப்ளிக்ஸில் 2022இல் வந்தது. இங்கே நடக்கும் சண்டைக்கு அதுதான் சரியான சோதனை என்று நினைக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்கு: 2020இல் ஒரு மருத்துவச் சிகிச்சைக்குப் போவதற்கு முந்தைய இரவு, ஏதாவது ஆகிவிட்டால் இருக்கட்டும் என்று தன் வீட்டிலேயே கேமரா முன் உட்கார்ந்து ஒரே மூச்சில் முழு நிகழ்ச்சியையும் பேசிப் பதிவு செய்தார். நடுவில் நாய் குரைக்கிறது, போன் அடிக்கிறது. எதையும் வெட்டவில்லை. அவர் இறந்த பிறகுதான் வெளியானது.


மின்மினி:

நேற்று முழுவதும் பார்த்தேன். இதுவரை பார்த்த நார்மிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். காரணத்தையும் யோசித்துப் பார்த்தேன்.

சிரிக்காமல் முழித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் அங்கே யாரும் இல்லை. ரோஸ்ட்டில் என்னை உறுத்தியது அந்த மனிதர்கள்தான். யாருக்குப் புரிகிறது, யாருக்குப் புரியவில்லை என்று கூட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற வேலை இதில் நடக்கவில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து தனக்குத் தோன்றியதைச் சொல்கிறார், அம்மாவைப் பற்றிப் பேசும்போது முகமே மாறிவிடுகிறது. நானும் அவரும் மட்டும் இருக்கிறோம். எழுத்தாணி சொன்ன அந்த நிதானம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது.


எழுத்தாணி:

எனக்கு அதே நிகழ்ச்சி நேர்மாறாகப் பட்டது, மின்மினி. அம்மாவைப் பற்றிய பகுதி அற்புதம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஜோக்குகள் பாதி பலத்தில்தான் நிற்கின்றன. பழக்கத்தில், கூட்டம் சிரிக்க வேண்டிய இடங்களில் நிறுத்துகிறார், அங்கே யாரும் இல்லை. அவருடைய இடைநிறுத்தம் எதிரில் இருப்பவர்களின் தவிப்பை வைத்து விளையாடுவது. ‘இவர் முடித்துவிட்டாரா, நான் சிரிக்கலாமா’ என்று ஒரு கூட்டம் திண்டாட வேண்டும். அந்தத் திண்டாட்டம் இல்லாவிட்டால் அது வெறும் தாமதம்.

உங்களை உறுத்திய அந்த முழிக்கிற மனிதர்கள்தான் அவருக்கு வேண்டிய இசைக்கருவி. அவர்களை எடுத்துவிட்டால் கிடைப்பது நல்ல மனிதர் ஒருவரின் பேச்சு. எனக்கு அதுவும் வேண்டும், ஆனால் நான் கொண்டாடும் நார்ம் அது இல்லை.


மின்மினி:

அப்படியானால் நாம் இருவரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறோம் எழுத்தாணி. முழித்துக்கொண்டிருக்கும் கூட்டம் இல்லாமல் அந்தக் கலை நடக்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தக் கூட்டமும் சிரிக்கத்தான் வந்தது, இசைக்கருவியாக இருக்க வரவில்லை. அவர்களைக் கேட்காமல் அப்படிப் பயன்படுத்துவது சரியா என்பதில்தான் எனக்கு இன்னும் தகராறு.


எழுத்தாணி:

கேட்டுவிட்டுச் செய்தால் அது நடக்காதே.


கடைசி பெஞ்ச்:

கேட்காமல் செய்தது தப்பில்லை, கடைசி வரை கொடுக்காமல் விட்டதுதான் தப்பு என்பது என் பக்கம். விட்டில் கதையில் கடைசியில் கொடுத்தார், அதனால் அரங்கம் முழுக்கச் சிரித்தது. ரோஸ்ட்டில் மேடைக்கு மட்டும் கொடுத்தார். அடுத்து நார்மைப் பற்றி யாராவது பேச வந்தால் 1999 அக்டோபரில் அவர் சாட்டர்டே நைட் லைவுக்கே விருந்தினர் தொகுப்பாளராகத் திரும்பி வந்த அந்தத் தொடக்கப் பேச்சை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன் கட்டடத்துக்குள்ளேயே விட முடியாத அளவுக்குச் சிரிப்பு வராத ஆள், இப்போது எப்படித் தொகுப்பாளர் ஆகும் அளவுக்குச் சிரிப்பாகிவிட்டேன் என்று கேட்டு, நான் தேறவில்லை, நிகழ்ச்சிதான் மோசமாகிவிட்டது என்று முடித்தாரே, அது. அதே முகம், அதே இழுவை, ஆனால் பின்னணி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தது. அவரால் முடியும் என்பது அதிலிருந்தே தெரிகிறது. முடிந்தும் செய்யாமல் விட்ட இடங்களில்தான் எனக்குக் கோபம்.


பழைய வானொலி:

அந்தப் பேச்சை இப்போதுதான் மறுபடி பார்த்தேன். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரோஸ்ட்டில் அவர் கொடுக்க நினைத்தது அரங்கத்துக்கு இல்லை, சாகெட்டுக்கு. சாகெட் அன்று சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று.